அடித்தலும் அழித்தலும்

ஒருவரை ஒரு கூட்டத்திலிருந்து வெளியேற்றுவதைத் தமிழ் எழுத்தாளர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் சிற்றிதழ்களின் சரித்திரமே பாதி சேர்ந்ததும் பாதி பிரிந்ததுமாகத்தான் இருக்கிறது. நமக்குத் தெரியாதது வேறு. வெளியேற்றப்பட்டவரின் எழுத்தை, நாமே தலைவாசலில் தூக்கி மாட்டியிருந்த எழுத்தை, அப்புறம் என்ன செய்வது? இந்த விஷயத்தில் நம்மிடம் கொள்கை என்று ஒன்றும் கிடையாது. கூச்சம்தான் இருக்கிறது. அந்தக் கூச்சத்தையே கொள்கை என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம்.

உதாரணம் எங்கள் மலையிலேயே இருக்கிறது. வில்பட்டியிலிருந்தும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் பத்துப் பதினைந்து பேர் கூடுகிற ஒரு வாசகர் வட்டம். அதில் ஒருவர், கவிதையை எப்படி வாசிப்பது என்பது பற்றி நாலு பக்கம் எழுதினார். நல்ல கட்டுரை. பள்ளிக்கூடத்தில் பிடித்த 'கருத்து தேடும்' வியாதியிலிருந்து பலரைக் குணப்படுத்திய கட்டுரை. வட்டம் அதைத் தான் கூடும் அறையின் வாசல் பலகையில் குண்டூசியால் குத்தி வைத்தது. புதிதாக வருகிறவர் முதலில் அதைப் படித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். வருஷக்கணக்கில் அது அங்கேயே இருந்தது. பிறகு அவர் நீக்கப்பட்டார். தன்னிடம் கவிதைகளைக் காட்ட வந்த ஒரு இளம் பெண்ணிடம் அவர் நடந்துகொண்ட விதம்தான் காரணம். இரு தரப்பையும் கேட்டார்கள். அவர் மறுக்கவில்லை. நீக்கினார்கள். நீக்கியது சரி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. விவகாரம் பலகையில் தொங்கிய அந்த நாலு பக்கத்தில்தான் தொடங்கியது.

மூன்று கட்சிகள் உண்டாயின. கிழித்து எறி என்றது முதல் கட்சி. கட்டுரை என்ன பாவம் செய்தது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றது இரண்டாவது. கட்டுரை இருக்கட்டும், பெயர் வேண்டாம் என்றது மூன்றாவது. ஜெயித்தது மூன்றாவது. கட்டுரையின் கீழே இருந்த பெயரின் மேல் ஒரு வெள்ளைத்தாள் துண்டு ஒட்டப்பட்டது. எல்லோருக்கும் திருப்தி. முதல் கட்சி கோழைத்தனம், இரண்டாவது சோம்பல், மூன்றாவது திருட்டு என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

நான் வங்கியில் குமாஸ்தா. இலக்கியவாதிகள் இந்த உத்தியோகத்தை ஒரு சாபமாகப் பேசுவது வழக்கம். ஆனால் இலக்கியவாதிகளுக்குத் தெரியாத ஒரு தர்மம் அங்கே இருக்கிறது. பேரேட்டுக் காலத்தில் ஒரு தொகையைத் தப்பாக எழுதிவிட்டால் அதைச் சுரண்டக் கூடாது. அதன்மேல் ஒரு கோடு இழுக்க வேண்டும், கோட்டுக்கு அடியில் பழைய தொகை படிக்கும்படி இருக்க வேண்டும். சரியான தொகையை மேலே எழுதிப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். அது அடித்தல். பிளேடால் சுரண்டுவது அழித்தல். அடித்தல் தவறை ஒப்புக்கொள்கிறது. அழித்தல் மோசடிக்கு அடையாளம். இன்று பேரேடு போய்க் கணினி வந்துவிட்டது. அதிலும் தவறான பதிவை இல்லாமல் ஆக்க முடியாது, எதிர்ப்பதிவு போட்டுத்தான் நேர்செய்ய முடியும். ஒரு ஊழியர் வேலைநீக்கம் செய்யப்பட்டால் அன்றே அவருடைய கடவுச்சொல் செல்லாமல் போகும். அவர் போட்ட பதிவுகள் மட்டும் அவர் பெயரிலேயே நிற்கும். அவர் யோக்கியர் என்பதற்காக அல்ல. யார் செய்தது என்று தெரியாத கணக்கு கணக்கே அல்ல என்பதற்காக.

பணத்துக்கு இருக்கிற இந்த நேர்மை எழுத்துக்கு வேண்டாமா?

வாசல் பலகையில் அந்தக் கட்டுரையைக் குத்தியது அவர் அல்ல, வட்டம். 'இவரைப் படித்துவிட்டு உள்ளே வா' என்று ஒவ்வொரு புதியவரிடமும் சொன்னது வட்டம். கவிதை காட்ட வேண்டுமானால் இவரிடம் காட்டலாம் என்ற தைரியத்தை ஒரு இளம் பெண்ணுக்குக் கொடுத்ததில் அந்தப் பலகைக்கும் பங்கு உண்டு. ஆகவே அது அவருடைய எழுத்து மட்டுமல்ல, நம்முடைய தீர்ப்பும்கூட. கிழிக்கச் சொல்கிறவர்கள் எதைக் கிழிக்கப் பார்க்கிறார்கள் என்பது இங்கே புரிந்துவிடுகிறது. அவரை அல்ல, அவரை நாம் தூக்கி வைத்திருந்ததற்கான அத்தாட்சியை. நீக்கப்பட்டவருக்கு இதனால் நஷ்டம் எதுவும் இல்லை. சொல்லப்போனால் அவருக்கும் இது சௌகரியம்தான். கிழிந்த இடத்தில் அவர் குற்றமும் சேர்ந்து மறைந்துபோகிறது.

புகார் சொன்ன பெண் கட்டுரையை எடுக்கச் சொல்லவில்லை. என்ன நடந்தது என்று எங்காவது எழுதி வையுங்கள் என்று மட்டும் கேட்டார். பெயர் மறைத்தாயிற்று, கூட்டம் நடந்தாயிற்று, டீ குடித்தாயிற்று. எழுதி வைக்கும் காரியத்தை மட்டும் ஒருவரும் செய்யவில்லை. வெள்ளைத்தாள் துண்டு அவர் பெயரை மூடியதோடு நிற்கவில்லை. இந்தப் பெண்ணுக்கு நடந்ததையும் சேர்த்து மூடிவிட்டது. இன்று புதிதாக வருகிறவர் பலகையில் ஆசிரியர் பெயரில்லாத ஒரு நல்ல கட்டுரையைப் பார்ப்பார். அவரை எச்சரிக்க அங்கே ஒரு வரி கிடையாது.

இது நம் ஊர்க் கோளாறு மட்டுமல்ல. பெரிய சோவியத் கலைக்களஞ்சியத்தின் இரண்டாம் பதிப்பில் ஐந்தாம் தொகுதி வெளியானபோது அதில் லவ்ரெந்தி பெரியாவைப் பற்றி, படத்தோடு, புகழ்ந்து ஒரு கட்டுரை இருந்தது. 1953-ல் அவர் கைது செய்யப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். 1954-ல் சந்தாதாரர்களுக்குத் தபால் வந்தது: அந்தப் பக்கங்களைக் கத்தரிக்கோலாலோ சவரக்கத்தியாலோ வெட்டி எடுத்துவிட்டு, இத்துடன் அனுப்பியுள்ள பக்கங்களை ஒட்டிக்கொள்ளுங்கள். புதிய பக்கங்களில் பெரிங் கடலைப் பற்றி விஸ்தாரமான தகவல்கள் இருந்தன. பெரியா ரகசியப் போலீசின் தலைவர். எண்ணற்ற சாவுகளுக்குப் பொறுப்பானவர். அவர்மேல் எனக்குக் கடுகளவு அனுதாபமும் இல்லை. அந்தக் கட்டுரையை எழுதியவரும் அவர் அல்ல, அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதியது. அதனாலேயே இந்த உதாரணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சவரக்கத்தி வெட்டியது பெரியாவின் குற்றங்களை அல்ல, அவரைப் புகழ்ந்தவர்களின் வாக்குமூலத்தை.

சிரிக்க வேண்டாம். நமக்கும் ஒரு பெரிங் கடல் உண்டு. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. ஆங்கிலப் பாடத்திட்டத்தில் 2017 முதல் அருந்ததி ராயின் 'வாக்கிங் வித் த காம்ரேட்ஸ்' இருந்தது. 2020 நவம்பரில் ஏ.பி.வி.பி. புகார் செய்தது. புத்தகம் எடுக்கப்பட்டது. அந்த இடத்தில் வைக்கப்பட்டது மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைத் தொகுப்பு. ராய் எந்தக் கூட்டத்திலிருந்தும் நீக்கப்பட்டவர் அல்ல, அங்கே புத்தகமேதான் குற்றவாளி, அதனால் இரண்டு விஷயமும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். நான் காட்ட விரும்புவது கைவேலையை. மாவோயிஸ்டுகளோடு காட்டில் நடந்த புத்தகத்தை எடுத்துவிட்டுக் காட்டுப் பறவைகளையும் விலங்குகளையும் ஆயுள் முழுக்கப் பார்த்து எழுதியவரின் புத்தகத்தை வைப்பது! 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையாவின் மகன் கிருஷ்ணன், ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிய உண்மையான ஆளுமை. அவர் தன் தகுதியால் அந்தப் பாடத்திட்டத்துக்குள் வந்திருக்க வேண்டியவர். அவரை ஓட்டை அடைக்கும் துணியாக உள்ளே கொண்டுவந்தது ராயைவிட அவருக்குத்தான் அவமானம். அழித்தலின் இயல்பு இது. போனவரோடு நிற்காது, வந்தவரையும் கெடுக்கும்.

மூன்றாவது கட்சிக்கு வருகிறேன். 'எழுத்து வேண்டும், எழுதியவன் வேண்டாம்.' இதில் ஒரு பெரும்போக்கு இருப்பதாக நண்பர்கள் நினைக்கிறார்கள். எங்கள் மலையின் வடக்கு அடிவாரத்தில், பழனிக்கு மேற்கே, பாப்பம்பட்டிப் பக்கம் ஒரு குன்று இருக்கிறது. அவர்கள் ஒருநாள் அங்கே போய் வரலாம். பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள். கீழே வட்டெழுத்தில், இது இன்னார் செயல் என்று செய்வித்தவர்களின் பெயர்கள். 'செயல்' என்ற அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். யார் செய்தது என்பதைக் கல்லிலேயே ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870, பாண்டியன் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டில் குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் அங்கிருந்த பார்சுவநாதரையும் இயக்கியரையும் புதுப்பித்து, 505 காணம் பொன் கொடுத்த செய்தியும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கல்வெட்டில் குன்றின் பெயர் திருவயிரை. இன்று அது ஐவர்மலை. ஐவர் என்றால் பாண்டவர்கள், வனவாசத்தில் இங்கே தங்கினார்கள் என்று கதை. யாரும் உருவங்களை உடைக்கவில்லை. மலையை வைத்துக்கொண்டார்கள், குகையை வைத்துக்கொண்டார்கள், சுனையை வைத்துக்கொண்டார்கள். பெயர் மட்டும் கைமாறியது. இதைச் சகிப்புத்தன்மை என்று சொல்ல என்னால் முடியவில்லை. இடித்திருந்தால் இடித்தவன் பெயராவது சரித்திரத்தில் நின்றிருக்கும்.

நாலடியாரைப் பற்றிய கதையும் இதையே சொல்கிறது. பஞ்சத்துக்குப் பிழைக்கப் பாண்டியனிடம் வந்த எண்ணாயிரம் சமண முனிவர்கள் நல்ல மழை பெய்ததும் ஊர் திரும்ப நினைத்தார்கள். அரசன் விடவில்லை. இரவோடு இரவாக, ஆளுக்கொரு வெண்பாவை எழுதி ஆசனத்தின் கீழ் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கோபத்தில் அரசன் எல்லா ஏட்டையும் வைகையில் எறியச் சொன்னான். வெள்ளத்தை எதிர்த்து வந்தவை நானூறு. இது கதைதான், சரித்திரம் அல்ல. ஆனால் ஒரு சமூகம் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் கதையில் அதன் மனச்சாட்சி இருக்கும். இந்தக் கதையில் பாட்டு மீண்டு வருகிறது. பாடியவர்கள் மீளவில்லை. நானூறு பாட்டையும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீதி சொல்ல எடுத்துக்கொண்டோம். ஒரு பாட்டின் கீழும் பெயர் இல்லை.

இரண்டாவது கட்சி கொஞ்சம் படித்த கட்சி. ஆசிரியன் வேறு, படைப்பு வேறு என்று 1946-ல் விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் எழுதியதையும், 1967-ல் ரோலான் பார்த் ஆசிரியனுக்குச் சாவோலை வாசித்ததையும் சொல்வார்கள். பி.ஏ.யில் ஆங்கில இலக்கியம் படித்தவன் என்ற முறையில் எனக்கும் அதெல்லாம் பாடம்தான். அவை ஒரு பிரதியை எப்படிப் படிப்பது என்பதற்கான விதிகள். ஒரு பிரதியை வாசலில் மாட்டுவதா என்பதற்கு அவற்றில் பதில் கிடையாது. படிப்பது தனி மனிதக் காரியம். மாட்டுவது ஸ்தாபனத்தின் காரியம். மாட்டுகிறவன் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்.

1949-ல் எஸ்ரா பவுண்டுக்கு 'பீசான் காண்டோஸ்' நூலுக்காக பொலிங்கன் பரிசு கொடுத்தார்கள். இத்தாலிய வானொலியில் முசோலினிக்கு ஆதரவாகவும் யூதர்களுக்கு எதிராகவும் பேசியவர் பவுண்டு. தேசத்துரோகக் குற்றச்சாட்டோடு வாஷிங்டனில் ஒரு மனநோய் மருத்துவமனையில் அடைபட்டிருந்தவர். தேர்ந்தெடுத்தவர்களில் எலியட்டும் ஆடனும் இருந்தார்கள். ஆட்சேபங்கள் எழும் என்பது தெரியும் என்று அறிவிப்பிலேயே எழுதி, ஏன் கொடுக்கிறோம் என்றும் சொன்னார்கள். எதிர்த்து ஓட்டுப் போட்ட கார்ல் ஷபீரோ, ஒரு யூதனாகத் தன்னால் இதைக் கௌரவிக்க முடியாது என்று அச்சிலேயே சொன்னார். பெரும் ரகளை நடந்தது. பரிசு காங்கிரஸ் நூலகத்தின் கையை விட்டு யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனது. அந்த முடிவு சரியா தப்பா என்று இன்றும் சண்டை போடலாம். சண்டை போட முடிகிறதே, அதுதான் விஷயம். கொடுத்தவர்களின் பெயர் இருக்கிறது, காரணம் இருக்கிறது, மறுத்தவரின் பெயர் இருக்கிறது. எங்கள் பலகையில் ஒட்டிய துண்டை ஒட்டியது யார் என்று கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் சேர்ந்து ஒட்டினார்களாம்.

அப்படியானால் என்னதான் செய்வது? தமிழில் இதற்கு ஒரு வழி இருந்தது. வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. அதன் பெயர் உரை.

பவணந்தி சமணர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கன் கேட்டுக்கொள்ள நன்னூல் எழுதினார். அதற்குப் பின் சமணத்தைத் தமிழ்நாட்டின் சைவம் எப்படிப் பேசியது என்பது தெரிந்ததே. திருவாவடுதுறை மடத்தின் சாமிநாத தேசிகர் தம் 'இலக்கணக்கொத்'தில், சிந்தாமணி முதலானவற்றைப் படித்து வாழ்நாளை வீணாக்குகிறவர்களைக் கடிந்து பேசியிருக்கிறார். அந்த வழியில் வந்த சங்கர நமச்சிவாயர் என்ன செய்தார்? நன்னூலுக்கு உரை எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டில் அதே மடத்துச் சிவஞான முனிவர் அந்த உரையைத் திருத்தினார். இவர்கள் சமணத்தோடு சமரசம் செய்துகொண்டவர்கள் அல்ல. ஆனால் அசோக மர நிழலில் வீற்றிருப்பவரைத் தொழுது தொடங்கும் பவணந்தியின் வணக்கத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டுத் தங்கள் தெய்வத்தை அங்கே வைக்கவில்லை. பவணந்தியின் பெயரைப் பாயிரத்திலிருந்து சுரண்டவில்லை. மூலத்தை மூலமாக விட்டார்கள். சொல்ல வேண்டியதைக் கீழே, தங்கள் பெயரில் சொன்னார்கள். மறுப்பு இருந்தால் மறுப்பு, ஒப்புதல் இருந்தால் ஒப்புதல். படிக்கிறவனுக்கு யார் குரல் எது என்பதில் சந்தேகம் வராது. வங்கிப் பேரேட்டின் தர்மமும் இந்த உரை தர்மமும் ஒன்றுதான்.

எனக்கு வரக்கூடிய நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பவணந்தி இறந்து போனவர், அவர் யாரையும் புண்படுத்தவில்லை. இவரோ உயிரோடு இருக்கிறார், அந்தப் பெண்ணும் இருக்கிறார். வாரா வாரம் வாசலில் அந்தப் பெயரைத் தாண்டி அவர் உள்ளே வர வேண்டுமா? வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. வாசல் நம்முடையது. அங்கே யாரை நிறுத்துவது என்று தீர்மானிக்கும் உரிமை நமக்கு எப்போதும் உண்டு. கொடுத்த மரியாதையைத் திரும்ப எடுக்கலாம். எடுத்தோம் என்பதை மறைக்கத்தான் நமக்கு உரிமை இல்லை. வாசலிலிருந்து இறக்குவது வேறு, ஏட்டிலிருந்து அழிப்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதுதான் மூன்று கட்சிக்காரர்களும் செய்த தவறு.

ஆகவே ஒரு வட்டமோ பத்திரிகையோ செய்ய வேண்டியது, குமாஸ்தா பாஷையில் சொன்னால், இவ்வளவுதான். கட்டுரையைப் பலகையிலிருந்து எடுத்து வட்டத்தின் கோப்பில், அவர் பெயரோடு, ஒரு எழுத்துக்கூட மாறாமல் வைக்க வேண்டும். பலகையில் அது இருந்த இடத்தில் ஒரு சீட்டு: இங்கே இன்னாருடைய கட்டுரை இந்த வருஷம் முதல் இந்த வருஷம் வரை இருந்தது, இன்ன காரணத்துக்காக அவர் நீக்கப்பட்டார், கட்டுரை கோப்பில் இருக்கிறது, கேட்டுப் படிக்கலாம். புகார் சொன்னவரின் பெயர் அதில் வரக் கூடாது. முடிவெடுத்தவர்களின் பெயர்கள் கட்டாயம் வர வேண்டும், தேதியோடு.

கவிதை வாசிக்கக் கற்றுத்தர வாசலில் ஒரு கட்டுரை தேவைதான் என்றால் வட்டத்தில் ஒருவர் உட்கார்ந்து புதிதாக எழுதட்டும். அது அவ்வளவு நன்றாக இருக்காது என்கிறார்கள். இருக்காதுதான். நீக்கியதன் விலை அது. ஆளை வெளியே தள்ளிவிட்டு அவர் உழைப்பை உள்ளே வைத்து வேலை வாங்குவது எந்த ஊர் நியாயம்? தன் எழுத்தில் ஒரு பிழை இருந்தால் அதைத் திருத்தக்கூட அவர் இனி உள்ளே வர முடியாது. நீக்கப்பட்ட பிறகும் அந்தத் திருத்தத்தை எழுதி அனுப்ப அவருக்கு உரிமை உண்டு. கோப்பில் சேர்க்க நமக்குக் கடமை உண்டு. அவரே எழுத்தைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடலாம். சீட்டு மட்டும் இருக்க வேண்டும். எழுத்தே திருடியது என்று தெரிந்தால் அன்றே எடுத்துவிட வேண்டியதுதான். அப்போதும் சீட்டு வேண்டும்.

இதெல்லாம் பத்துப் பேர் கூடும் இடத்துக்கு அதிகப்படியான சட்டம் என்று சிரிக்கிறார்கள். பத்துப் பேர் இருக்கும்போது இல்லாத நேர்மை பத்தாயிரம் பேர் ஆனால் எங்கிருந்து வரும்? பல்கலைக்கழகங்களும் அகாதெமிகளும் அரசாங்கங்களும் சவரக்கத்தி எடுக்கும்போது நாம் கண்டன அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறோம். நம் கையில் இருப்பது சின்ன பிளேடு என்பதால் அது பிளேடு இல்லை என்று ஆகிவிடாது.

பெயரை மூடுகிற கூட்டம், தான் ஒருநாளும் யாரையும் தப்பாகத் தூக்கி வைத்ததில்லை என்று சொல்லிக்கொள்கிறது. தப்பு செய்ததாக ஞாபகமே இல்லாத கூட்டம் அடுத்த ஆளையும் அதே அவசரத்தில் தூக்கி வைக்கும். அவரிடமும் யாராவது ஒரு பெண் தன் கவிதைகளை எடுத்துக்கொண்டு நம்பிக்கையோடு வருவார். அவருக்குச் சொல்ல நம்மிடம் என்ன எழுதி வைத்திருக்கிறோம்?